மூச்சுக்குழாய் சுருக்கம்: புற்றுநோய் இல்லை என்றால் பலூனும் ஸ்டென்ட்டும் போதும்தானே?

திங்கள்நகர் மருமகன், மே 28

என் தாய்மாமாவை மார்ச் மாதம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்தது. வெண்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்து நன்றாக நடமாடியவர், இப்போது நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறார். மூச்சுக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லை என்று சிடி ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் முறை, வழியாகப் பலூன் விட்டு விரித்து, திரும்பச் சுருங்காமல் ஒரு ஸ்டென்ட், அதாவது உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் சிறு குழாய், வைத்தால் முடிந்தது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். புற்றுநோய் இல்லாததால் இது சின்ன வேலைதானே?

பழைய கண்டக்டர், மே 28, இரவு

சின்ன வேலை இல்லை. புற்றுநோய் இல்லாததால்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

புற்றுநோயில் அடைப்பை எடுப்பது, பெரும்பாலும் இருக்கிற காலத்தைத் திணறாமல் கழிப்பதற்காக. உலோக வலை ஒன்றை உள்ளே வைத்தால் ஐந்து வருடம் கழித்து அது என்ன செய்யும் என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. உங்கள் மாமா இன்னும் இருபது முப்பது வருடம் அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சுவிடப் போகிறார். இன்று அதற்குள் செய்கிற ஒவ்வொன்றும் ஒரு புதுப் புண். புண் ஆறினால் தழும்பு. அவருடைய நோயே தழும்புதான்.

நான் மருத்துவன் இல்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வில்லுக்குறி அருகே பைக்கில் இருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, வெண்டிலேட்டர், பிறகு கழுத்தில் துளை, பிறகு இந்தச் சுருக்கம் என்று முழு வழித்தடத்தையும் பார்த்தவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

மே 29

என் சுருக்கத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் பயன்படட்டும்.

வேலைக்குத் திரும்பிய புதிதில் விசில் ஊத முடிந்தது. பிறகு பாதியில் நின்றது. "என்ன, விசிலுக்கும் சில்லறைத் தட்டுப்பாடா?" என்று டிரைவர் அண்ணன் சிரித்தார். தக்கலையில் ஏறும் கூட்டத்துக்கு டிக்கெட் கொடுத்து முன்வாசலில் இருந்து பின்வாசலுக்கு வருவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

போன இடத்தில் ஆஸ்துமா என்றார்கள். ஒரு நிற இன்ஹேலர், பிறகு வேறு நிற இன்ஹேலர், பிறகு மாத்திரை. எதிலும் மயிரிழை முன்னேற்றம் இல்லை. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? நுரையீரலில் நோயே இல்லை, அதற்குப் போகிற வழியில்தான் இருந்தது.

பிடித்துக் கொடுத்தது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் வேகமாக ஊதி இழுக்கச் சொல்லும் சோதனை. ஆஸ்துமாவில், வரைபடத்தில் மூச்சை வெளிவிடும் பாதி மட்டும் குழிந்து இறங்கும். என்னுடையது மேலேயும் தட்டை, கீழேயும் தட்டை. மாறாத அடைப்பு ஓரிடத்தில் இருந்தால் போகிற காற்றும் வருகிற காற்றும் ஓர் அளவுக்கு மேல் வேகம் எடுக்காது. அங்கிருந்த இளம் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைக்காமல் கழுத்தில் வைத்தார். "எப்போதாவது வெண்டிலேட்டரில் இருந்தீர்களா அண்ணன்?" என்றார். அதுவரை இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கழுத்தில் துளையின் தழும்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

வெண்டிலேட்டரில் இருந்து வந்தவருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிதாக 'வீசிங்' வந்தால், முதலில் கழுத்தைச் சந்தேகியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம் வந்தால் இன்னும் அதிகமாக.

மே 29, சற்று நேரம் கழித்து

கணக்கு ஒன்றை விட்டுவிட்டேன். பெரியவர்களின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 11 செ.மீ. நீளம், 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலம். அகலம் 8 மி.மீ.க்குக் கீழே போகும்போதுதான் நடக்கையில், ஏறுகையில் திணறல் தெரியும். 5 மி.மீ.க்குக் கீழே போனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வரும். பாதிக்கு மேல் அடைபடும்வரை உடம்பு வாயைத் திறப்பதில்லை. விட்டம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு. ஆகவே ஒரு ஜலதோஷ வீக்கம், ஒரு கெட்டிச் சளி போதும், நிலைமை அன்றிரவே கைமீற.

மாமா உட்கார்ந்திருக்கும்போது சத்தம் வருகிறதா? வந்தால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜூன் 1

மாமாவுக்கு உட்கார்ந்திருக்கையில் சத்தம் இல்லையாம். நல்லது.

பாம்பு விஷம்தான் குழாயைச் சுருக்கிவிட்டது என்று அருமனையில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. விஷம் தசைகளைச் செயலிழக்க வைத்தது, அதனால் வெண்டிலேட்டர் தேவைப்பட்டது. சுருக்கத்துக்குக் காரணம் வெண்டிலேட்டருக்காக மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூப். காற்று பக்கவாட்டில் கசியாமலிருக்க டியூப்பின் நுனியருகே சிறு பலூன் ஒன்று இருக்கும், கஃப் என்பார்கள். அதன் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் குழாயின் உள்தோலுக்கு ரத்தம் சரியாகப் போகாது. தோல் செத்து, அடியிலுள்ள குருத்தெலும்பு வளையம் அழுகி, பிறகு தழும்பு வளர்ந்து உள்நோக்கி இழுக்கும். தலைக்காயம், பூச்சிமருந்து விஷம், பாம்புக்கடி என்று எதற்காக டியூப் போட்டாலும் கதை இதுதான்.

இதற்காக வெண்டிலேட்டரைத் திட்ட வேண்டாம். அது இல்லாவிட்டால் மாமாவும் இல்லை, நானும் இல்லை.

ஜூன் 2

"பிராங்கோஸ்கோப்பி என்றால் மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாய்தானே, அதிலேயே பலூன் வைத்துவிட மாட்டார்களா?"

திங்கள்நகர்த் தம்பியின் கேள்வி. மிக முக்கியமான கேள்வியும் கூட.

இரண்டு வகை உண்டு. பழையது நேரான எஃகுக் குழாய். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் வலப்பக்க மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்பை நேர்க்குழாய் விட்டு எடுத்தார். இந்தத் துறையின் தொடக்கம் அது. வளையும் வகை 1966இல் ஜப்பானின் ஷிகெடோ இகேடா கொண்டுவந்தது. வளைவது புதியது, ஆகவே சிறந்தது என்று தோன்றும். உள்ளே பார்ப்பதற்குச் சிறந்ததுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வளையும் குழாயே ஐந்தாறு மி.மீ. தடிமன். மாமாவின் ஓட்டை அதே அளவு. பார்க்கப் போன கருவியே வாசலை அடைத்து நிற்கும். பக்கத்தில் காற்று போக வழியில்லை. கூடவே இருமல், ரத்தம், வீக்கம்.

எஃகுக் குழாய் உள்ளே போனால் அதன் வழியாகவே மூச்சு கொடுக்கலாம், கருவிகளை விடலாம், உறிஞ்சலாம், ரத்தம் வந்தால் குழாயாலேயே அழுத்திப் பிடிக்கலாம். முழு மயக்கம் வேண்டும், வாய் வழியாகப் போகும், பல் ஆடினால் முன்பே சொல்லிவிட வேண்டும். என் முன்பல் ஒன்று மாமனார் வீட்டு முறுக்குக்கே ஆடியது. அதைப் பற்றி மயக்க மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகள் மூச்சைப் பற்றிக் கேட்டவற்றைவிட அதிகம்.

எனவே சுருக்கம் நெருக்கடியான அளவில் இருக்கும்போது, எஃகுக் குழாயும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இல்லாத இடத்தில் "சும்மா ஒரு தடவை உள்ளே பார்த்துவிடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜூன் 5

எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

குரல் நாணுக்குக் கொஞ்சம் கீழே மெல்லிய சவ்வு போல ஒரு வளையம் இருந்ததாம். அதைச் சுற்றிச் சுரண்டவும் இல்லை, சுடவும் இல்லை. மின்சூட்டுக் கத்தியால் மூன்று இடங்களில் மட்டும் ஆரம் போலக் கீறி, கீறல்களுக்கு இடையிலுள்ள தோலை அப்படியே விட்டுவிட்டு, பலூனால் விரித்தார்கள். சிலர் இதை லேசரில் செய்வார்கள். சுற்றிலும் சுட்டால் சுற்றிலும் புண் வரும், வளையமாக ஆறுகிற புண் வளையமாகவே சுருங்கும், ஏற்கனவே இருந்ததைவிட நீளமான சுருக்கம் மிஞ்சும். எனவே நடுவில் நல்ல தோலை மிச்சம் வைப்பதில்தான் இந்த வேலையின் திறமை இருக்கிறது. இடையில் தொடாமல் விட்ட தோலில் இருந்துதான் புதுத் தோல் படர வேண்டும்.

சுடும்போது ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்குவார்கள். இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம். மூச்சுத் திணறுகிறவனுக்கு ஆக்சிஜனைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். மயக்க மருத்துவருக்குத் தனிக் கும்பிடு.

மூன்று கீறல்கள் வட்டத்துக்குள் எப்படித் தெரியும் என்று வரைந்து பாருங்கள். மருத்துவர்களே அதை மெர்சிடஸ் பென்ஸ் கீறல் என்றுதான் சொல்கிறார்கள். மார்த்தாண்டம் வழித்தட பஸ்ஸில் காலம் தள்ளியவனுக்குக் கழுத்துக்குள் பென்ஸ்.

ஜூன் 5, இரவு

ஆம், சுமோகூட இல்லை, நேரே பென்ஸ்தான். சிரித்தது போதும்.

விழித்ததும் மூச்சு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். குளச்சல் கடற்கரையில் நின்றது மாதிரி. அன்றிரவு தூங்கவே பிடிக்கவில்லை, சும்மா மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆனால் திரும்ப வந்தது. முதலில் சில மாதங்கள், அடுத்த தடவை அதைவிடக் குறைவு. திரும்ப வருவதை யாரும் ஒளிக்கவில்லை, கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தழும்பு திரும்பாமலிருக்க அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். மைட்டோமைசின் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைப்பதும் உண்டு. பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வயிற்று அமிலம் மேலே ஏறினாலும் புண் ஆறாது என்று மாத்திரை கொடுத்தார்கள். இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடுவதை அன்றோடு விட்டேன்.

ஜூன் 9

ஸ்டென்ட்.

இதய ஸ்டென்ட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே வைத்தால் அங்கேயே கிடக்கும். இங்கே ஒவ்வொரு இருமலும் அதைத் தள்ளும், சளி உள்ளே காய்ந்து ஒட்டும், இரு முனைகளிலும் சதை வளரும். உலோக வலையானால் அந்தச் சதை கண்ணிகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும், பிறகு எடுப்பது குழாயையே கிழிக்கும் வேலை. புற்றுநோய் அல்லாத சுருக்கத்தில், மற்ற எல்லா வழியும் பார்த்த பிறகுதான் உலோக ஸ்டென்ட் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. "ஒரு ஸ்டென்ட் வைத்தால் முடிந்தது" என்று சொன்னவர் எந்த ஸ்டென்ட்டைச் சொன்னார் என்று கேளுங்கள், தம்பி.

சிலிக்கான் ஸ்டென்ட் வேறு. பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் டுமோன் வடிவமைத்தது, 1990 வாக்கில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. வெளிப்புறம் சிறு குமிழ்கள் இருக்கும், நழுவாமலிருக்க. எஃகுக் குழாய் வழியாகத்தான் வைக்க முடியும். அதன் பெரிய குணம், எடுத்துவிடலாம். எனக்கு வைத்தது அதுதான்.

காலையும் மாலையும் உப்புநீர் நெபுலைசர். தவறினால் சளி கட்டும். மயினி ஒருநாள் கல்யாண வீட்டுக்கு என்று அவசரப்படுத்தி அதை விட்டுவிட்டுப் போனோம். பந்தியில் உட்காரவில்லை, வெளியே தென்னை மூட்டில் குனிந்து இருமிக்கொண்டு நின்றேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீட்டு: மூச்சுக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது, எந்த இடத்தில், எந்த அளவு. அவசரத்தில் யாராவது டியூப் போட வந்தால் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 14

ஒன்பதாம் தேதி எழுதியதைப் படித்தால் ஸ்டென்ட்டே வேண்டாம் என்று நான் சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்படியும் இல்லை. என்னுடையது ஒருமுறை மேலே நழுவியது, குரல் தகரம் மாதிரி ஆயிற்று, திரும்ப உள்ளே போய்ச் சரிசெய்தார்கள். ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த பிறகு எடுத்தபோது குழாய் அந்த அகலத்திலேயே நின்றுவிட்டது. இன்றுவரை நிற்கிறது. தழும்பு முதிர்ந்து அடங்கும்வரை தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது ஸ்டென்ட்தான். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. எடுத்ததும் மடிந்து விழுகிற குழாய்களும் உண்டு.

கருங்கலில் இருந்து வந்த ஒருவர் அதே வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அவர் நேரே அறுவை சிகிச்சைக்குப் போனார். சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்து, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைப்பது. பல வருடமாயிற்று, ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தவர் என்னைவிட வேகமாக மாடி ஏறுகிறார். எனக்கும் அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாமோ என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். பிறகு என் சுருக்கம் குரல் நாணுக்கு எவ்வளவு அருகில் இருந்தது, தலைக்காயத்துக்குப் பின் நான் எந்த நிலையில் இருந்தேன் என்று நினைத்தால், இல்லை, அப்போது பிராங்கோஸ்கோப்பிதான் சரி என்றும் தோன்றும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கருத்து மாறுகிறது.

மாறாதது இது. சுருக்கம் 1 செ.மீ.க்குக் குறைவு, மெல்லிய சவ்வு, குருத்தெலும்பு வளையங்கள் திடமாக இருக்கின்றன என்றால் கீறலும் பலூனும் நன்றாக வேலை செய்யும். நீளமாக இருந்து, வளையமே இடிந்து போயிருந்தால், எத்தனை பலூன் விட்டாலும் வாடகைதான், சொந்தமாகாது. உடம்பு தாங்கும் என்றால் அறுவை சிகிச்சைக்காரரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சும்மா பலூன் பலூன் என்று விரித்துக்கொண்டே போனால் சுருக்கம் நீண்டு, கடைசியில் வெட்டித் தைக்கவும் இடமில்லாமல் போகும்.

ஜூன் 15

குளச்சலில் இருந்து ஒரு சகோதரி. காசநோய் மருந்து முழுவதும் முடித்தாயிற்று, இப்போது இடப்பக்க மூச்சுக்கிளை சுருங்கியிருக்கிறதாம். "மருந்து சரியாக வேலை செய்யவில்லையா?"

செய்திருக்கும் அக்கா. கிருமி செத்த பிறகும் புண் தழும்பாக ஆறும். மூச்சுக்குழலுக்குள் வருகிற காசநோயில் இது அடிக்கடி நடப்பது, அதிலும் பெண்களுக்கு. கிருமி முழுதாக அடங்கியதா என்று உறுதி செய்யாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. இன்னொன்று, அடைப்புக்கு அப்பால் இருக்கும் நுரையீரல் உயிரோடு இருக்கிறதா என்று சிடியில் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏற்கனவே சிதைந்திருந்தால் கதவைத் திறப்பதால் பயனில்லை.

டியூப்பும் இல்லை, காசநோயும் இல்லை, ஆனால் நாற்பது வயதுப் பெண்ணுக்குக் குரல்வளைக்குக் கீழே சுருக்கம் என்றால், காரணமே தெரியாத ஒரு வகை உண்டு. கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவது. அதற்குப் பெயர் வைக்கும் முன், ரத்தக்குழாய் அழற்சி நோய்களுக்கான ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த நோய் இருந்தால் மருந்துதான் முதலில்.

ஜூன் 20

விஷயம் பாக்குக்குப் போய்விட்டது, போகட்டும்.

தோவாளை வாசகரின் பாட்டாவுக்கு வலது நுரையீரலின் அதே கீழ்ப்பகுதியில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்ததாம். பிராங்கோஸ்கோப்பியில் பார்த்தால் பாக்குத் துண்டு, சுற்றிலும் சதை. வெற்றிலை வாயோடு தூங்குகிற பழக்கம். எப்போது உள்ளே போனது என்று பாட்டாவுக்கே தெரியாது. வலப்பக்கக் கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் விழும். கடலை, சக்கைக்கொட்டை, கொல்லாங்கொட்டை போன்றவை ஊறிப் பெருத்துச் சதையை வளர்க்கும். வளையும் பிராங்கோஸ்கோப் இங்கே பெரியவர்களுக்குப் பல நேரம் போதும். குளிர்விக்கும் முனையைத் தொட வைத்தால் பொருள் உறைந்து அதில் ஒட்டிக்கொள்ளும், அப்படியே வெளியே இழுத்துவிடலாம். குழந்தைகள் என்றால் பெரும்பாலும் எஃகுக் குழாய்தான்.

அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருந்து எடுத்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்தார். 2,374 பொருட்கள், பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊக்குகள், பொத்தான்கள், பொம்மைகள். நம் ஊரில் தொடங்கினால் பாக்குக்கே ஒரு தனி அறை வேண்டும்.

ஜூன் 21

"அதிமதுரக் கஷாயத்தில் தழும்பு கரையும்" என்று எழுதியவருக்கு: விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது. இது பக்கத்துக் குழாய்.

ஜூன் 27

எங்கே போவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மருத்துவமனைப் பெயர் சொல்ல மாட்டேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து திருவனந்தபுரம் பக்கம், மதுரை அதைவிடத் தூரம். எங்கே போனாலும் முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்திலோ ஸ்பைரோமெட்ரியும் சிடியும் முடித்துவிடலாம். அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள தகட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பார்ப்பது படத்தைத்தான். வெண்டிலேட்டரில் இருந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டும் வேண்டும், எத்தனை நாள், எந்த அளவு டியூப் என்று அதில் இருக்கும்.

போன இடத்தில் கேட்க வேண்டியது: சுருக்கம் எத்தனை செ.மீ. நீளம், குரல் நாணில் இருந்து எவ்வளவு தூரம், வளையங்கள் திடமாக இருக்கின்றனவா, எஃகுக் குழாய் இருக்கிறதா, வெட்டித் தைக்கிறவர் இதே கட்டடத்தில் இருக்கிறாரா. கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். நல்ல இடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவெடுப்பார்கள்.

திங்கள்நகர் மருமகன், ஜூலை 11

கேட்டோம் அண்ணன். நீளம் 3 செ.மீ., நடுவில் வளையம் இடிந்திருக்கிறது. பலூனால் ஒருமுறை விரித்து இப்போதைக்கு மூச்சை எளிதாக்கியிருக்கிறார்கள். வீக்கம் அடங்கிய பிறகு வெட்டித் தைப்பதுதான் சரி, ஸ்டென்ட் வேண்டாம் என்கிறார்கள். அறுவைக்குப் பிறகு தாடையையும் மார்பையும் சேர்த்துத் தையல் போடுவார்கள் என்றதும் மாமா மிரண்டுவிட்டார்.

பழைய கண்டக்டர், ஜூலை 11, இரவு

பலூனுக்கு அதுதான் சரியான இடம். நல்ல கைகளில் இருக்கிறார்.

தாடைத் தையல் தலையைப் பின்னால் சாய்த்துவிடாமல் தடுப்பதற்கு. சாய்த்தால் உள்தையல் இழுபடும். ஏறக்குறைய ஒரு வாரம்தான். கருங்கல்காரர் அந்த வாரம் முழுவதும் தன் தொப்பையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்பார். வலியைவிட அதுதான் சலிப்பாம்.

ஒன்று மட்டும் உடனே பாருங்கள். எனக்குக் கொடுத்த மாதிரி மாமாவுக்கும் ஆஸ்துமா என்று யாராவது மாத்திரை கொடுத்தார்களா, அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, இன்னும் சாப்பிடுகிறாரா? ஸ்டீராய்டு உள்தையல் ஆறுவதைக் கெடுக்கும், அறுவைக்கு முன் குறைத்து நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு போய், தேதி குறிக்கும் முன் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.